கேட்க முடியாத கேதம்

2009ஆம் வருடம் சித்திரா பௌர்ணமி மே 9 வாக்கில் வந்தது. அழகர் ஆற்றில் இறங்கி, வண்டியூர் போய், ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம் காட்டி, மலைக்குத் திரும்புகிற நாட்கள். மதுரை தூங்காமல் கிடந்தது. போதாததற்குத் தேர்தல், 13ஆம் தேதி வாக்குப்பதிவு. தல்லாகுளத்திலிருந்து கோரிப்பாளையம் வரை நீர்மோர்ப் பந்தலும் கட்சிக் கொடியும் மாறி மாறி நின்றன. மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நானும் அந்தக் கூட்டத்தில் ஒரு ராத்திரி முழுக்கச் சுற்றினேன். ஞாயிற்றுக்கிழமை, 10ஆம் தேதி காலையில், எரிகிற கண்ணோடு கடை ஷட்டரைத் தூக்கப் போனால் படியில் முகாம் அக்கா உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, நெட்டில ஒருக்காப் பாருங்கோ. ராத்திரி முள்ளிவாய்க்கால்ல விடிய விடிய ஷெல்லடியாம்.”

எங்கள் கடை ஆனையூர் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஐந்து நிமிட நடை. ஜெராக்ஸ், செல்போன் ரீசார்ஜ், ஓரமாக இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றைப் போட்டேன். படங்கள் மேலிருந்து கீழே பட்டை பட்டையாக இறங்கிய காலம் அது. முதலில் வானம் வரும், அப்புறம் தறப்பாள் கூடாரத்தின் உச்சி, அப்புறம் மணல், கடைசியாக மணலில் கிடப்பவர்கள். நான் பாதியில் நிறுத்தப் போனேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். “விடுங்கோ, கீழ வரட்டும்.”

அவர் முகங்களைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தார். சின்ன வயதில் பனங்கருக்கு வெட்டி, அங்கே சிக்கியிருந்த அவர் தம்பிக்கு இடது கால் சுண்டுவிரல் வளைந்துபோயிருந்ததாம். “முகத்தை மூடிப்போடுவாங்கள் தம்பி. காலை ஆர் மூடுறது?” என்றார். அன்றைக்கு எத்தனை படம் பார்த்தோம் என்று எனக்கு ஞாபகமில்லை. எல்லாவற்றிலும் கால்கள்தான் ஞாபகம் இருக்கிறது. அடுத்த நாள், கொழும்பிலிருந்த ஐ.நா. பேச்சாளர் கார்டன் வைஸ் அந்த வார இறுதியை இரத்தக்களரி என்று சொன்னதாகச் செய்தி வந்தது. செத்தவர்களில் நூறு குழந்தைகளுக்கு மேல் என்றார்.

நான் தோளில் மகளோடு பார்த்த அதே நிலாதான் அங்கேயும் காய்ந்திருக்கும். இலங்கையில் அந்தப் பௌர்ணமிக்கு வெசாக் என்று பெயர். விளக்கு கட்டிக் கொண்டாடுவார்கள்.

தூரத்துப் போர் என்று சொல்கிறோம். மதுரையிலிருந்து சென்னைக்குச் சாலையில் 460 கிலோமீட்டர் போக வேண்டும். முள்ளிவாய்க்கால் இருக்கும் முல்லைத்தீவுக்கு நேர்கோடு போட்டால் 300 கிலோமீட்டர்தான் வரும். நடுவில் ஒரு கடல் இருக்கிறது, ஒரு எல்லை இருக்கிறது. அந்தத் தூரம் முழுக்க அவ்வளவுதான். ஆனால் அந்த 300 கிலோமீட்டரைக் கடந்து ஒரு சேதி எங்கள் ஊருக்கு வர எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தச் சேதிகள் எங்கள் கடை வழியாகத்தான் வந்தன.

1994இல் அப்பா அந்த இடத்தில் எஸ்.டி.டி. பூத் போட்டார். மஞ்சள் போர்டு, மரக் கூண்டு, கண்ணாடிக் கதவு, மேலே சிவப்பு எண்ணில் ஓடுகிற மீட்டர், பேசி முடித்ததும் கரகரவென்று துண்டுச் சீட்டு துப்புகிற பிரிண்டர். எனக்குப் பதினெட்டு வயது. காலேஜ் விட்டு வந்தால் ராத்திரி வரைக்கும் நான்தான் பூத்தில். கட்டணம் குறையும் நேரத்துக்காக முகாம்காரர்கள் வெளியே பெஞ்சில் காத்திருப்பார்கள். பகலெல்லாம் பெயிண்ட் அடித்துவிட்டு வந்த ஆண்கள், கையில் சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் காயாமல் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். ஐ.எஸ்.டி. போட்டால் மீட்டர் ஓடுகிற வேகத்துக்கு யாரால் பேச முடியும்? கனடாவுக்கோ லண்டனுக்கோ போட்டு, “நான்தான், திரும்ப எடுங்கோ” என்று சொல்லி உடனே வைத்துவிடுவார்கள். அப்புறம் அங்கிருந்து போன் வரும். மற்ற பூத்துகளில் வருகிற போனுக்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் வாங்குவார்கள். அப்பா வாங்க மாட்டார். “வர்ற போனுக்கு என்னத்தடா காசு” என்பார்.

எதிர்பாராமல் போன் வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு முகாமுக்கு ஓடுவது என் வேலை. பத்துக்குப் பத்து அறைகள் வரிசையாக. லைன் முனையில் நின்று கத்துவேன்: “லண்டன் போன்! பத்து நிமிசத்துல மறுபடி கூப்புடுவாங்களாம்!” சமையலை அப்படியே விட்டுவிட்டு, ஈரக் கையோடு ஓடி வருவார்கள். ஓடி வரும் முகத்தைப் பார்த்தாலே தெரியும். போன் வருகிறது என்றால் நல்ல சேதியாக இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

புலிகள் கையில் இருந்த வன்னிக்குள் போன் கிடையாது. அக்காவின் தம்பி அங்கேதான் இருந்தார். அவர் ஒரு சேதி சொல்ல வேண்டுமென்றால், பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போகிற யாரிடமாவது கடிதம் கொடுத்துவிட வேண்டும். அந்த ஆள் வவுனியாவிலிருந்து டொரண்டோவிலிருக்கும் ஒரு மச்சானுக்குப் போன் போட வேண்டும். மச்சான் எங்கள் பூத்துக்குப் போட வேண்டும். 300 கிலோமீட்டர் வர வேண்டிய சேதி உலகத்தைச் சுற்றிக்கொண்டு, மூன்று வாரம் கழித்து ஆனையூர் வந்து சேரும். “அவன் சுகமாம்” என்று அக்கா கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்து சொல்வார். சொன்ன கையோடு, “மூண்டு கிழமைக்கு முந்தி” என்றும் சொல்வார்.

அந்தக் கூண்டுக்கு வெளியே நின்று, ஒரு பக்கப் பேச்சாகவே நான் அந்தப் போரைக் கேட்டு வளர்ந்தேன். அப்போது பத்திரிகையில் வராத வார்த்தைகள் எனக்குத் தெரிந்திருந்தன. கிபிர் என்றால் விமானம். பங்கர் என்றால் வீட்டு முற்றத்தில் தோண்டிய குழி. தென்னங்குற்றி போட்டு மண்மூட்டை அடுக்கியது. சென்றி என்றால் காவலரண். அப்புறம் ஆமி, பாஸ், இடம்பெயர்வு. 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே ஒரே ராத்திரியில் கிளம்பி, மழையில், ஒற்றைச் சாலையில் லட்சக்கணக்கில் நகர்ந்தபோது எங்கள் பெஞ்சில் மூன்று நாள் யாரும் பேசவில்லை. போன் வரவும் இல்லை. நவாலி தேவாலயத்தில் அடைக்கலம் போனவர்கள் மேல் குண்டு விழுந்த வருடமும் அதுதான். அந்த வருடம் முகாமில் தீபாவளிக்கு ஒரு வெடிச் சத்தம் கேட்கவில்லை. எங்கள் தெருவில் கேட்டது. நானும்தான் வெடித்தேன். அதை இப்போது நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

அக்காவுக்குச் சொந்த ஊர் வற்றாப்பளை. 1990இல் போர் திரும்பத் தொடங்கியபோது புருஷனோடும் கைக்குழந்தையோடும் மடு வழியாக மன்னார்க் கரைக்கு வந்து, படகேறி, மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு, அங்கிருந்து ராமேஸ்வரம், மண்டபம், அப்புறம் ஆனையூர். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டார். அம்மாவுக்காகத் தம்பி தங்கிவிட்டார். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது.

வற்றாப்பளை என்ற பெயரை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அக்காதான் ஒருநாள் சொன்னார். “உங்கட ஊரை எரிச்சுப்போட்டு வந்த அம்மாள் எங்கட ஊரிலதான் இருக்கிறா.” எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. நந்திக்கடல் ஓரத்தில் கண்ணகை அம்மன் கோயில். மதுரையை எரித்த கண்ணகி கோபம் ஆறாமல் கடல் தாண்டிப் போய், ஒவ்வொரு இடமாகத் தங்கி, பத்தாவதாக அங்கே வந்து அமர்ந்தாள் என்பது அவர்கள் நம்பிக்கை. பத்தாம்பளைதான் வற்றாப்பளை ஆனதாம். வைகாசி விசாகத்துப் பொங்கலுக்குக் கடல்நீரை எடுத்து வந்து அதில் விளக்கெரிப்பார்கள். எண்ணெய் இல்லாமல் கடல்நீரில் எரியும் என்று அக்கா சொல்லும்போது, எரியுமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் பிறந்து வளர்ந்த ஊரில் நியாயம் கிடைக்காமல் போன ஒருத்திக்கு அந்த ஊர் இடம் கொடுத்தது. அங்கிருந்து ஒருத்தி எங்கள் ஊருக்கு வந்தாள். நாங்கள் பத்துக்குப் பத்து அறையும், மாதம் இரண்டு நாள் செக்கிங்கும் கொடுத்தோம். செக்கிங் அன்று ஆள் இல்லாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்களோ என்று, காய்ச்சலில் கிடந்த பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார் அக்கா. அரசாங்கத்தின் அரிசியும் பணக்கொடையும் அவர்களை உயிரோடு வைத்திருந்தன, அதை அவர்களே நன்றியோடு சொல்வார்கள். ஆனாலும் வரிசையில் நிற்கிறவரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் கையெழுத்தானது. சில மாதங்களில் வன்னி வழியாகப் போகும் ஏ9 சாலை திறந்தது. ஒரு மத்தியானம் பூத்தில் போன் அடித்தது. எடுத்தால் ஒரு ஆண் குரல், பதற்றமில்லாமல், “இது மதுரை ஆனையூர் தானே?” என்று கேட்டது. வவுனியாவிலிருந்து அக்காவின் தம்பி. பன்னிரண்டு வருடம் கழித்து. நான் சைக்கிள் மிதித்த வேகம் இன்றைக்கும் காலில் இருக்கிறது. அக்கா வந்து ரிசீவரைக் காதில் வைத்தார். இரண்டு நிமிடம் ஒரு வார்த்தையும் வரவில்லை. அப்புறம் என்னவோ பேசினார்கள். வெளியே வந்ததும் அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். “நான் மதுரைக்காரி மாதிரிக் கதைக்கிறனாம் தம்பி.”

அவருக்கு ஒரு மனைவி, ஒரு பெண் குழந்தை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா இறந்து ஆறு வருடமாகியிருந்தது. எங்கள் பூத் நம்பரைக் கதவுக்குப் பின்னால் கரியால் எழுதிவைத்திருப்பதாகச் சொன்னாராம். இடையில் மதுரை நம்பர்களுக்கெல்லாம் முன்னால் ஒரு 2 சேர்த்தபோது, அக்கா தவித்துப் போனார். “அவனுக்கு இந்த ரெண்டை ஆர் சொல்லுறது?” மறுபடி டொரண்டோ மச்சான் வழியாக அந்த இரண்டு வன்னிக்குப் போய்ச் சேர்ந்தது. கதவில் கரியால் அதையும் முன்னால் சேர்த்துவிட்டதாகப் பதில் வந்தது.

2004 டிசம்பரில் சுனாமி முல்லைத்தீவுக் கரையைத் துடைத்துக்கொண்டு போனது. அவர்கள் தப்பினார்கள். 2006 ஆகஸ்டில் வள்ளிபுனத்தில் செஞ்சோலை சிறுமியர் இல்ல வளாகத்தின்மீது விமானங்கள் குண்டு போட்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகள் செத்தார்கள். அக்காவின் தம்பி மகளுக்கு அப்போது பதின்மூன்று. அந்த வருடத்திலிருந்து போன் குறைந்தது. சாலை மூடிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மேடையில் பேசியவர்கள் யாரும் சொல்லாதது. 2008 கடைசியில் வந்த ஒரு சேதியில், மகளைப் பங்கருக்குள் ஒளித்துவைத்திருக்கிறோம் என்று இருந்தது. ஷெல்லுக்குப் பயந்து மட்டும் இல்லை. வீட்டுக்கு ஒருவரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், புலிகள் இயக்கத்துக்கு. அக்கா அதைச் சொன்னபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஊர்க்காரன் முன்னால் சொல்லக்கூடாத குடும்ப ரகசியம் மாதிரி. சனம் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மாட்டியிருந்தது. வெளியேற முயன்றவர்களை உள்ளே இருந்தவர்கள் சுட்டார்கள், தங்கியவர்கள்மேல் வெளியே இருந்தவர்கள் ஷெல் அடித்தார்கள் என்று பின்னாளில் ஐ.நா. நிபுணர் குழுவே எழுதியது. மதுரையில் அதைச் சொன்னால் ஒரு கூட்டம் துரோகி என்றது. வாய்மூடி இருந்தால் இன்னொரு கூட்டம் தீவிரவாதி என்றது. அக்காவின் துக்கத்துக்கு எந்தக் கூட்டத்திலும் இடமில்லை.

மதுரை சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். 1986 மே 4ஆம் தேதி ஈழத் தமிழர் ஆதரவு டெசோ மாநாடு எங்கள் ஊரில்தான் நடந்தது, வாஜ்பாய், என்.டி. ராமாராவ் எல்லாம் வந்தார்கள். எனக்குப் பத்து வயது. அப்பா சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கூட்டத்தைக் காட்டினார். 2009 ஜனவரி 29 அன்று சென்னையில் போரை நிறுத்தச் சொல்லி முத்துக்குமார் தீக்குளித்தபிறகு கல்லூரிகள் மூடின, வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தார்கள். நானும் மனிதச் சங்கிலியில் நின்றேன், தொண்டை கட்டக் கத்தினேன். கத்திவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் முகாம் இருந்தது. உள்ளே போகவில்லை.

பிப்ரவரியில், சனம் ஒதுங்கச் சொல்லி அரசே அறிவித்த பாதுகாப்பு வலயத்தில் இருப்பது 70,000 பேர்தான் என்று இலங்கை அரசு சொன்னது. போர் முடிந்தபின் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 3 லட்சம். இந்தக் கணக்கின் வித்தியாசம் வெறும் எண் கிடையாது. 70,000 பேர் என்று சொன்னால் அத்தனை பேருக்கு மட்டும் அரிசி அனுப்பினால் போதும், அத்தனை பேருக்கு மட்டும் மருந்து அனுப்பினால் போதும். மயக்க மருந்து இல்லாமல் கால் எடுத்தார்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்டுக் காய்ச்சிய கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள்மேல் ஷெல் விழுந்தது. இன்றைக்கு ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று காய்ச்சிக் குடிக்கிறார்களே, அது அந்தக் கஞ்சிதான்.

மே 13 அன்று நாங்கள் ஓட்டுப் போட்டோம். 16ஆம் தேதி எண்ணினார்கள். கூடல் நகர் பக்கம் சாயங்காலம் வரைக்கும் சரவெடி. 18ஆம் தேதி எல்லாம் முடிந்தது. செத்தவர்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. அடுத்த வருடம் இன்னொரு ஐ.நா. அறிக்கை, கணக்கில் வராதவர்கள் 70,000க்கு மேல் என்றது.

எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டுக்குப் போய் வருவதைக் கேதம் கேட்பது என்போம். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்விட வேண்டும். அப்பாவுக்கு அது சட்டம். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீடாக இருந்தாலும் போவார். போய் உட்கார்ந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். கேத வீட்டில் யாரும் வாங்க என்று சொல்ல மாட்டார்கள். கிளம்பும்போது போயிட்டு வர்றேன் என்று நாமும் சொல்லக்கூடாது. பேச வேண்டியதே இல்லாத ஒரு மரியாதை அது.

மே கடைசியில் ஒருநாள் ராத்திரி அப்பா கேட்டார். “அந்தப் பிள்ளை வீட்டுக்குக் கேதம் கேட்கப் போனியா?” நான் போகவில்லை. எப்படிப் போவது என்று தெரியவில்லை என்றேன். “எப்படின்னா? நடந்துதான்” என்றார்.

மறுநாள் போனேன். லைன் முழுக்க அமைதியாக இருந்தது. எந்த வீட்டிலும் பந்தல் இல்லை, சங்கு இல்லை. முகாமில் எத்தனை வீட்டில் எத்தனை பேரை இழந்திருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடுப்பு எரிந்தது, குழாயடியில் குடம் இருந்தது. அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

“வாங்கோ தம்பி” என்றார்.

அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அப்பா மாதிரி ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளேன் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: “ஏன் தம்பி, ஆர் செத்தது?”

எனக்கு வாய் வரவில்லை. டீயை எப்படிக் குடித்தேன் என்று தெரியாது. எழுந்து, பழக்கத்தில், சொல்லாமல் வாசலைத் தாண்டினேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். கோபமாக இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி. “போட்டு வாறன் எண்டு சொல்லிட்டுப் போங்கோ.”

சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் வாக்கில் செட்டிகுளம் மெனிக் பார்ம் முகாமிலிருந்து சேதி வந்தது. தம்பி மனைவியும் மகளும் உயிரோடு இருக்கிறார்கள். மனைவியின் தொடையில் உலோகத் துண்டு. 18ஆம் தேதி வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி வந்தபோது, ஒரு நாளாவது இயக்கத்தோடு இருந்தவர்கள் வந்து பதியுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார்கள். தம்பி போரின் கடைசிக் காலத்தில் கட்டாயத்தில் பங்கர் வெட்டப் போனவர். பதிந்துவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நம்பிப் போயிருக்கிறார். பஸ்ஸில் ஏற்றினார்கள். ஜன்னல் வழியாகக் கை காட்டினாராம். மனைவி பார்த்தது அதுதான் கடைசி.

அதற்குப் பிறகு கேதம் எப்படிக் கேட்பது? பஸ்ஸில் ஏறினவர் செத்தார் என்று எந்த வாயால் சொல்வது? இது என்னுடைய துக்கமா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. நான் அவரைப் பார்த்ததில்லை. ஒரு குரல், “இது மதுரை ஆனையூர் தானே” என்று கேட்டது, அவ்வளவுதான். ஆனாலும் ஆனையூர் பஸ் ஜன்னலில் யாராவது கை காட்டினால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் சாலையோரம் உட்கார்ந்தார்கள், வவுனியாவிலும் உட்கார்ந்தார்கள். மடியில் ஒரு போட்டோ. வருடக்கணக்கில். பதில் தெரியாமலே பலர் செத்துப்போனார்கள். அந்தப் போட்டோ வரிசையில் அக்காவின் தம்பி படத்தை அவர் மனைவி பிடித்துக்கொண்டிருந்ததை என் போனில் அக்காவுக்குப் பெரிதாக்கிக் காட்டினேன். “நரைச்சிட்டாள்” என்று தம்பி மனைவியைப் பற்றித்தான் சொன்னார். தம்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

2023 ஜூனில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. 2025இல் யாழ்ப்பாணம் செம்மணியில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். அங்குள்ள பத்திரிகைகள் என்புத் தொகுதி என்று எழுதும். ஒரு குழந்தையோடு பள்ளிப் பை ஒன்று, பொம்மை ஒன்று. மறுபடி அக்கா கடைக்கு வந்தார். மறுபடி நான் படத்தை விரல்களால் பெரிதாக்கினேன். பதினாறு வருடத்தில் படம் தெளிவாகிவிட்டது. பட்டை பட்டையாக இறங்குவதில்லை, தொட்டதும் முழுசாக வந்து நிற்கிறது. எலும்பில் சுண்டுவிரல் வளைவு தெரியுமா என்று கேட்டார். செம்மணி வேற ஊர்க்கா, அங்கே அவர் போயிருக்க மாட்டார் என்று சொன்னேன். “பஸ் எங்க போச்சுதெண்டு ஆருக்குத் தெரியும்” என்றார்.

இப்போது டிவியில் காஸா ஓடும்போது அக்கா எங்கள் கடையில் இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். “அந்தத் தறப்பாளுக்குள்ள வெயில் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்” என்று ஒருநாள் சொன்னார். வேறு எதுவும் பேசவில்லை.

நடுவில், 2014இல், எங்கள் அப்பா போய்ச் சேர்ந்தார். ஐப்பசி மழை. தெருவில் பந்தல் போடவே பாடாக இருந்தது. மத்தியானம் முகாமிலிருந்து வந்தார்கள். முப்பது, நாற்பது பேர். பெயிண்ட் வேலைக்குப் போகாமல் ஆண்கள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் பிள்ளைகள். நாங்கள் யாரும் வாங்க என்று சொல்லவில்லை. அவர்களும் எதிர்பார்க்கவில்லை. அப்பாவிடம் காசு கொடுக்காமல் போன் பேசியவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கட்டிப்பிடித்து, எங்கள் அத்தை முன்கை எடுக்க மாரடித்து அழுதார்கள். அக்கா ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தார். அத்தை கையை நீட்டி அவரையும் வட்டத்துக்குள் இழுத்தார். அக்கா கொஞ்ச நேரம் குரல் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தார். அப்புறம் எடுத்தார். அந்த ராகம் எங்கள் ஊர் ராகம் இல்லை. “என்ர ராசா” என்று தொடங்கியது. அப்பாவைத்தான் பாடுகிறார் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். கதவில் எழுதின கரி அழியாதோ என்று வந்தது. பாலம் தாண்டின கால் நோகாதோ என்று வந்தது. அம்மாளுக்கு விளக்கேத்தக் கடல்நீர் போதாதோ என்று வந்தது. எங்கள் அத்தைக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனாலும் ஒவ்வொரு அடி முடியும்போதும் எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து, அதே இடத்தில், நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நான் பாடை கட்டுகிற இடத்திலிருந்து எழுந்து வந்து திண்ணையோரம் நின்றேன். அப்பாவுக்கு அதுவரை அழாதவன் அப்போதுதான் அழுதேன். யாருக்கென்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம், எடுத்தபிறகு, அவர்கள் சொல்லாமல் கிளம்பிப் போனார்கள். அக்காவும் சொல்லவில்லை.

பூத் எப்போதோ போய்விட்டது. மரக் கூண்டைப் பிரித்து ஜெராக்ஸ் மிஷினுக்கு மேடையாக்கினோம். அந்த ஒரு தரைவழி இணைப்பை மட்டும் வைத்திருக்கிறேன். மாதாமாதம் பில் கட்டுகிறேன். கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்களைத் தவிர வேறு யாரும் அதில் கூப்பிடுவதில்லை. போன ஐப்பசியில் மழைக்கு அது செத்துப்போனது. இரண்டு வாரம் அலைந்தபிறகு ஒருவர் வந்து, செம்புக் கம்பி இனிமேல் நிற்காது, பைபர் போட்டுக்கொள்ளுங்கள், வேகமாக இருக்கும் என்றார். நம்பர் மாறக்கூடாது என்றேன். “இதுல யாரு சார் இன்னும் கூப்புடுறா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. நல்ல மனுஷன், பழைய நம்பரையே வாங்கிக் கொடுத்தார்.

இணைப்புக் கொடுத்து முடித்துவிட்டு, மாடிப்படியில் நின்றபடி தன் செல்லிலிருந்து போட்டுப் பார்த்திருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. அக்கா அப்போது பேரனுடைய சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க வந்து நின்றிருந்தார். போன் அடித்தது. பழைய மணிச் சத்தம். அக்கா கையிலிருந்த காகிதத்தை மேடைமேல் வைத்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மணி, நான்காவது மணி. “எடுங்கோ தம்பி” என்றார்.

எடுத்தேன். மாடிப்படியிலிருந்தும் ரிசீவரிலிருந்தும் ஒரே குரல் வந்தது. “சார், நான்தான். லைன் வந்துருச்சா?”

வந்துவிட்டது என்றேன்.